ஒரு வீடு, மூன்று கணக்கு: ரியூனியனில் ஒரு புதுச்சேரிக் குடும்பமும் துணை மருத்துவக் காப்பீடும்

பிரான்சின் கடல்கடந்த மாவட்டமான ரியூனியன் தீவில், அடிப்படைக் காப்பீடு ஏற்காத மிச்சச் செலவை ஏற்கும் இலவசத் துணை மருத்துவக் காப்பீட்டுக்குத் தங்களுக்குத் தகுதி இல்லை என்று முடிவு கட்டிக்கொண்ட ஏழைக் குடும்பங்களில் பல, விண்ணப்பத் தாளைக் கண்ணால்கூடப் பார்த்திருப்பதில்லை. யாரோ சொன்ன வரம்பை வைத்து வீட்டிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் வரம்புத் தொகை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. யாரையெல்லாம் சேர்த்துக் கூட்டுவது என்பதில்தான் தவறு நேர்கிறது. கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்களிடம் இந்தத் தவறு அதிகம்.

சேன்-ஆந்த்ரே பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் கண்ட சில நிலைமைகளை ஒரே குடும்பத்தின் கதையாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். அடையாளங்கள் மாற்றப்பட்டவை, வருமானத் தொகைகள் கணக்கு விளங்கும்படி முழு எண்ணாக்கப்பட்டவை. விதிகளும் வரம்புகளும் 2025 ஏப்ரலில் நடப்பில் இருந்தவை.

வீட்டில் ஐந்து பேர்

புதுச்சேரியிலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். வீடு ஆயாவின், அதாவது பாட்டியின், பெயரில் இருக்கிறது. கணவர் கட்டியது, அவர் இறந்தபின் ஆயாவுக்கு மாதம் 820 யூரோ ஓய்வூதியம் வருகிறது. வயது 71, நெடுநாள் சர்க்கரை நோய். மகனுக்கு 49 வயது, கட்டட வேலை. ஒப்பந்தம் முடிந்து சில மாதங்களாக வேலையில்லாப் படியில் இருந்தார். காரைக்காலில் பிறந்த மருமகளுக்கு 47 வயது. முதியோரை வீட்டில் கவனித்துக்கொள்ளும் பகுதி நேர வேலை. பேரனுக்கு 26 வயது, ஒரு பேரங்காடியின் கிடங்கில் நிரந்தர வேலை. பேத்திக்கு 17, லிசே என்னும் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

அடுப்பு ஒன்று. மளிகைச் செலவு பொது. மின்கட்டணம் பேரன் கணக்கிலிருந்து போகிறது. ஆகவே மருத்துவக் காப்பீட்டு வரம்பைப் பார்த்தபோது ஐந்து பேரின் வருமானத்தையும் கூட்டினார்கள். ஆண்டுக்கு 47,000 யூரோவைத் தாண்டியது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ரியூனியனில் இலவச வரம்பு ஏறத்தாழ 28,770 யூரோ. சிறு கட்டணம் செலுத்திப் பெறும் இரண்டாம் வரம்பு ஏறத்தாழ 38,840. இரண்டையும் தாண்டியாயிற்று என்று பேச்சை முடித்துவிட்டார்கள். “ஆர்.எஸ்.ஏ. வாங்குகிறவர்களுக்குத்தான் அது” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அதை உறுதியாக்கிவிட்டது. இந்தப் பேச்சு தீவு முழுவதும் உலவுகிறது. ஆர்.எஸ்.ஏ. என்னும், வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு வருமானச் சோதனை இல்லாமலே இந்தக் காப்பீடு கிடைக்கிறது என்பது உண்மைதான். மற்றவர்களுக்குக் கிடையாது என்பது உண்மை இல்லை.

“எனக்குத்தான் நூற்றுக்கு நூறு இருக்கிறதே”

பிரான்சின் மருத்துவக் காப்பீடு இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு செக்யூ என்று எல்லோரும் சொல்லும் அடிப்படைக் காப்பீடு. 1946இல் தீவு பிரான்சின் மாவட்டமான பிறகு படிப்படியாக இங்கும் அது வேரூன்றியது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் நிலையாக, முறைப்படி வசிக்கிற எல்லோருக்கும் அது உண்டு. 2016 முதல் இன்றைய வடிவில் நடக்கிறது. ஆனால் அது முழுச் செலவையும் ஏற்பதில்லை. மருத்துவரிடம் போனால் விதிக்கப்பட்ட கட்டணத்தில் 70 விழுக்காடு, மருத்துவமனையில் பொதுவாக 80 விழுக்காடு. மிச்சத்தை நோயாளியோ, அவர் சந்தா கட்டும் மியூச்சுவல் என்னும் துணைக் காப்பீட்டுச் சங்கமோ ஏற்கவேண்டும்.

அந்த மிச்சத்தைக் கட்ட முடியாதவர்களுக்காக 1999இல் சட்டம் இயற்றி 2000 முதல் நடைமுறைக்கு வந்ததுதான் சே.எம்.யூ. 2019 நவம்பர் 1 முதல் அதன் துணைக் காப்பீட்டுப் பகுதிக்குப் பெயரும் வடிவமும் மாறின; புதுப் பெயர் கோம்ப்ளெமாந்தேர் சாந்தே சோலிதேர். பெயர் மாறி ஆண்டுகள் ஆகியும் மக்கள் வாயில் சே.எம்.யூ.தான், நானும் மூத்தவர்களிடம் அப்படியே சொல்கிறேன், அப்போதுதான் புரிகிறது. இரண்டு பிரிவுகள்: வருமானம் முதல் வரம்புக்குள் இருந்தால் முற்றிலும் இலவசம், அதற்கு மேல் 35 விழுக்காடு வரை போனால் மாதக் கட்டணம். கட்டணம் வயதைப் பொறுத்தது: 29 வயது வரை 8 யூரோ, 30 முதல் 49 வரை 14, ஐம்பதுகளில் 21, அறுபதுகளில் 25, எழுபதுக்கு மேல் 30. பெறும் சலுகை இரு பிரிவுக்கும் ஒன்றே.

ஆயா இதில் எதையும் கேட்கத் தயாராக இல்லை. சர்க்கரை நோய் நெடுநாள் நோய்ப் பட்டியலில் இருப்பதால் அவருக்கு ஏற்கெனவே “நூறு விழுக்காடு” உண்டு. அந்தச் சொல்தான் வினை. அந்த நூறு, சர்க்கரை நோய்க்கும் அதைச் சார்ந்த சிகிச்சைக்கும் மட்டும். அதுவும் செக்யூ ஏற்கும் கட்டணத்தில் நூறு. மருந்துப் பெட்டி ஒன்றுக்குப் பிடிக்கும் ஒரு யூரோவும், மருத்துவரைப் பார்க்கும்போது பிடிக்கும் இரண்டு யூரோவும் அவருக்கும் பிடிக்கப்படும். மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 20 யூரோ தங்கல் கட்டணமும் உண்டு. வேறு நோய் வந்தால் மற்றவர்களைப் போல அவரும் மிச்சத்தைக் கட்டவேண்டியவரே.

வேறு நோய் வந்தது. 2025 தொடக்கத்தில் தீவு முழுவதும் சிக்குன்குனியா. 2005–06இல் தீவின் மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தாக்கிய அதே காய்ச்சல். ஆயா மார்கழியில் புதுச்சேரி போய் மாசி மகம் பார்த்துவிட்டு மார்ச்சில்தான் திரும்பியிருந்தார். ஏப்ரல் இரண்டாம் வாரம் காய்ச்சலும் மூட்டு வலியும், சாப்பாடு இறங்காமல் நீர் வற்றிய நிலை. நான்கு நாள் மருத்துவமனை. அறுவை சிகிச்சை போன்ற பெரிய செலவினம் எதுவும் நடக்காததே இங்கே பாதகமாகிவிட்டது. 120 யூரோவைத் தாண்டும் பெரிய சிகிச்சை நடந்திருந்தால் நோயாளி ஏற்கவேண்டிய 20 விழுக்காட்டுக்குப் பதில் 24 யூரோ மட்டும் கட்டினால் போதும். வெறும் படுக்கையும் சொட்டு மருந்தும் என்றால் நாள் வாடகையின் 20 விழுக்காடு முழுவதும் தலையில் விழும். தங்கல் கட்டணத்தையும் சேர்த்து 900 யூரோவை நெருங்கிய தொகை. அவருடைய ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம்.

யார் யாரோடு

வார்டில் இருந்த சமூகப் பணியாளர் அம்மையார் கேட்ட முதல் கேள்வி வருமானத்தைப் பற்றியதல்ல. “உங்கள் கணவர் இருக்கிறாரா? 25 வயதுக்குக் குறைந்த பிள்ளை யாராவது உங்கள் பொறுப்பில் இருக்கிறார்களா?” என்றார். இரண்டுக்கும் இல்லை என்று பதில். “அப்படியானால் நீங்கள் ஒருவர்தான் குடும்பம்” என்றார். ஆயாவுக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற மகனையும் பேரப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனிக்கட்டை என்று தாளில் எழுதுவதா என்று மகனிடம் குறைபட்டுக்கொண்டார். மகன், “அம்மா, கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்றார்.

விதி இதுதான். விண்ணப்பிப்பவர், அவரது கணவர் அல்லது மனைவி அல்லது துணைவர், அவர்களுடன் வாழும் அல்லது அவர்களது வரிக் கணக்கில் சேர்க்கப்பட்ட 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்: இவ்வளவுதான் குடும்ப அலகு. தாயோ தந்தையோ மகன் வீட்டில் இருந்தாலும் தனி அலகு. 25 வயது நிறைந்த பிள்ளை ஒரே அறையில் படுத்தாலும் தனி அலகு. இந்த வீட்டில் அப்படி மூன்று அலகுகள்: ஆயா தனி; மகன், மருமகள், பேத்தி மூவரும் ஒன்று; பேரன் தனி.

வரம்பும் அலகின் அளவைப் பொறுத்தது. ஒருவருக்கு இலவச வரம்பு பிரான்சின் ஐரோப்பிய நிலப்பகுதியில் ஆண்டுக்கு 10,339 யூரோ. ரியூனியன் போன்ற கடல்கடந்த மாவட்டங்களில் 11.3 விழுக்காடு கூட்டி 11,507. அலகில் இரண்டாவது ஆள் வந்தால் அதில் பாதி கூடும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பத்தில் மூன்று பங்கு வீதம். அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் பத்தில் நான்கு.

ஆயாவின் கணக்கு

ஏப்ரலில் விண்ணப்பித்தால் முந்திய ஆண்டு மார்ச் முதல் இந்த ஆண்டு பிப்ரவரி வரையிலான பன்னிரண்டு மாத வருமானம் பார்க்கப்படும். விண்ணப்பத்துக்கு முந்திய மாதம் கணக்கில் வராது. வரி அறிவிப்புத் தாளில் இருப்பது போன முழு ஆண்டின் வருமானம், ஆகவே அதை மட்டும் பார்த்து நிரப்பினால் தவறாகும். இதை எத்தனை முறை சொன்னாலும் வரித் தாளையே கொண்டுவருகிறார்கள்.

ஓய்வூதியம் 9,840. அடுத்து வீடு. சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கும், வாடகை தராமல் பிறர் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு நிலையான தொகையை வருமானம் போலக் கூட்டுவார்கள். தனி ஆளுக்கு மாதம் 77.58, ஆண்டுக்கு 931 யூரோ.

மூன்றாவது ஓர் இனம் இருந்தது. அதைச் சொல்ல மகன் தயங்கினார். புதுச்சேரியில் ஆயாவின் பிறந்த வீட்டுக் கடை ஒன்று நான்கு பங்காக வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. ஆயாவின் பங்கு மாதம் 3,000 ரூபாய். இந்தியாவில் வருவது இங்கே யாருக்குத் தெரியும் என்பது அவர் நினைப்பு. எந்த நாட்டில் வந்தாலும் வருமானம் வருமானமே; மறைத்தது தெரிந்தால் கிடைத்ததைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் உண்டு. அது போகட்டும், மறைப்பதற்கான தேவையே இல்லை. ஆண்டு முழுவதற்கும் அது 400 யூரோ. எல்லாம் சேர்த்து 11,171. வரம்புக்குள் 336 யூரோ இடம் இருக்கிறது. எழுதினார்கள்.

மகன் கைச்செலவுக்கென்று மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் கொடுத்திருந்தால் அதையும் எழுதவேண்டியிருக்கும். நல்லவேளை, இந்த வீட்டில் மகன் கொடுப்பது காய்கறியும் பெட்ரோலும்தான்; ரொக்கமாகக் கொடுப்பதில்லை.

நேரம் முக்கியமாக இருந்தது. வழக்கமாக முடிவு வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியில்தான் காப்பீடு தொடங்கும். அவசர நிலை என்று சமூகப் பணியாளர் காட்டி அனுப்பினால், விண்ணப்பித்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து தொடங்கும். ஆயா வீடு திரும்பிய பிறகு, ஏப்ரல் முடிவதற்குள் தாள்கள் போய்ச் சேர்ந்தன. ஏப்ரல் 1 முதல் உரிமை என்று கடிதம் வந்தது. மருத்துவமனைக் கட்டணம் காப்பீட்டுக்கே திருப்பிவிடப்பட்டது. மே மாதம் வரை பொறுத்திருந்தால் அந்த 900 யூரோவைத் தவணையில் கட்டவேண்டி வந்திருக்கலாம்.

இங்கே ஒரு கிளைக் கதை. மாதம் 820 யூரோ மட்டும் வருகிற 71 வயதுப் பெண்மணிக்கு முதியோர் ஆதரவுத் தொகையும் கிடைக்குமே என்று கேட்கத் தோன்றும். அது தனி ஆளின் வருமானத்தை மாதம் 1,034 யூரோ வரை நிரப்பித் தருகிறது. அதைப் பெற்றால் துணைக் காப்பீட்டின் இலவச வரம்பைத் தாண்டி, மாதம் 30 யூரோ கட்டும் பிரிவுக்குப் போவார். அப்படியும் கையில் மிஞ்சுவது அதிகமே. ஆனால் 2023 செப்டம்பர் முதல் அதற்கு ஆண்டில் ஒன்பது மாதம் பிரான்சில் இருக்கவேண்டும். ஆயா புதுச்சேரியில் தங்குவது சில ஆண்டுகளில் நான்கு மாதத்தை எட்டுகிறது. மாசி மகத்தையும் தங்கைகளையும் விட்டுக்கொடுக்க அவர் தயாரில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு அவ்வளவு கடுமை இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்காமல் இருந்தால் போதும். இறந்தபின் வீட்டிலிருந்து முதியோர் ஆதரவுத் தொகையைப் பிடித்துக்கொள்வார்களே என்ற பயமும் அவருக்கு இருந்தது. கடல்கடந்த மாவட்டங்களில் சொத்தின் நிகர மதிப்பு 1,50,000 யூரோவைத் தாண்டும் பகுதியில் மட்டுமே அப்படிப் பிடிக்க முடியும். சொன்னோம். அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு சான்றுத் தாளின் விலை

மகனின் அலகுக்கு மே மாதம் விண்ணப்பம் போயிற்று. மூவருக்கான இலவச வரம்பு ஏறத்தாழ 20,710 யூரோ. மகனின் கூலி 9,600, வேலையில்லாப் படி 3,600, மருமகளின் சம்பளம் 7,200. வீட்டுக்கான நிலைத்தொகை மூவர் அலகுக்கு ஏறத்தாழ 1,955. மொத்தம் 22,355. ரியூனியனில் முதல் பிள்ளைக்கே கிடைக்கும் சிறு குடும்பப்படியும் இதில் சேரும். ஆகவே கட்டணப் பிரிவு: 14, 14, 8 என மாதம் 36 யூரோ, ஆண்டுக்கு 432.

பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கட்டணப் பிரிவு என்றதும் திரும்பிப் போய்விடுகிறவர்கள் பிரான்ஸ் முழுவதும் ஏராளம். தகுதியுடையவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பிரிவில் விண்ணப்பிப்பதே இல்லை. மூன்று பேருக்கு மியூச்சுவல் சங்கம் எதுவும் 36 யூரோவுக்கு இவ்வளவு தராது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

ஆனால் இந்த வழக்கில் கணக்கு இன்னும் முடியவில்லை. விண்ணப்பிக்கும் நாளில் ஒருவர் வேலையில்லாப் படி பெறுபவராக இருந்தால், அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அவர் உழைத்துப் பெற்ற கூலியில் 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடவேண்டும். போன ஆண்டின் கூலி இந்த ஆண்டில் இல்லை என்பதால் தரும் சலுகை அது. மகனின் 9,600, 6,720 ஆகிறது. மொத்தம் 19,475. குடும்பப்படியைச் சேர்த்தாலும் வரம்புக்குக் கீழே. முற்றிலும் இலவசம். இதற்கு வேண்டியது பிரான்ஸ் திரவாய் என்னும் வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் ஒரு பக்கச் சான்று, இணையத்தில் தரவிறக்கலாம். மகன் அதைக் கொண்டுவரவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் வேலையில்லாப் படியின் தொகையை எழுதும் கட்டம் இருக்கிறது. தொகையை எழுதினால் போதும் என்றே யாரும் நினைப்பார்கள். நாங்கள் அந்தச் சான்றையும் இணைத்து அனுப்பினோம்.

மருமகளின் தாள்களில் வேறு சிக்கல். தமிழ்நாட்டு, புதுச்சேரிப் பெயர்களைக் கையாளும் எவருக்கும் இது தெரிந்ததே. பிறப்புச் சான்றில் ஒற்றைப் பெயர். இந்தியக் கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. திருமணப் பதிவில் கணவரின் குடும்பப் பெயர். மூன்று தாளில் மூன்று பெண்கள். காப்பீட்டு எண்ணை நிலைப்படுத்தப் பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்று தேவை. அதில் உள்ளபடி எல்லாம் ஒத்துப்போகவேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களின் எண்ணில் பிறந்த ஆண்டு, மாதத்தை அடுத்து 99 என்றும், பிறகு இந்தியாவுக்கான 223 என்றும் வரும். அவர் எண்ணில் அது வந்திருந்தது. எண்ணும் நிலையானதாகவே இருந்தது. பெயர் எழுத்துக்கூட்டலை மட்டும் திருமணத் தாளை இணைத்துச் சரிசெய்தோம். எண் தற்காலிகமானதாக இருந்திருந்தால் மாதங்கள் ஓடியிருக்கும்.

பேரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய 17,100 யூரோ தனி ஆளின் இரண்டாம் வரம்பான 15,534ஐத் தாண்டுகிறது. அவருக்கு அது தேவையும் இல்லை. 2016 முதல் தனியார் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மியூச்சுவல் காப்பீடு எடுத்துத் தந்து சந்தாவில் பாதியையாவது ஏற்கவேண்டும் என்பது சட்டம். அவர் சம்பளத் தாளிலேயே அந்தப் பிடித்தம் இருந்தது. அவரைப் பற்றிக் கவனிக்கவேண்டியது வேறொன்று. இதே விண்ணப்பம் அவருக்கு 24 வயது இருந்தபோது, இதே சம்பளத்தோடு போயிருந்தால், அவர் பெற்றோரின் அலகில் சேர்ந்திருப்பார். நால்வரின் வருமானம் 36,000 யூரோவைத் தாண்டி, கட்டணப் பிரிவு வரம்பான ஏறத்தாழ 32,620ஐயும் மீறியிருக்கும். அப்போது மறுப்புதான். பிள்ளையின் முதல் சம்பளம் தாய் தகப்பனின் காப்பீட்டைப் பறித்துவிடுகிற இந்த இடம் எனக்கு நியாயமாகப் படவில்லை. சட்டம் அப்படி. 25ஆம் பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் மறுபடி விண்ணப்பித்துப் பாருங்கள் என்று அப்படிப்பட்ட வீடுகளில் சொல்லிவைக்கிறேன்.

கடிதம் வந்த பிறகு

காப்பீட்டு அலுவலகம் இரண்டு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்கும் இரண்டு மாதம். மகனின் அலகுக்கு ஜூனில் ஒப்புதல் வந்தது. மருந்துக்கடையில் இருக்கும் கருவியில் ஒவ்வொருவரும் தங்கள் கார்த் வித்தால் என்னும் காப்பீட்டு அட்டையைச் செருகிப் புதுப்பித்துக்கொண்டார்கள். இதைச் செய்யாமல் கடிதத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, “மருந்துக்குக் காசு கேட்கிறார்களே” என்று வந்து நிற்பவர்களும் உண்டு. மருமகளுக்குப் புதுக் கண்ணாடி. ஆயாவுக்குப் பல் வரிசை கட்டப் பல் மருத்துவரிடம் பதிவு செய்திருக்கிறார்கள். முழு ஈடு கிடைக்கும் வகையைக் கேட்டு வாங்கவேண்டும் என்று பேத்தி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வசிப்புரிமைத் தாள் இல்லாத நிலையில் தீவுக்கு வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்களும் இதே வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குரிய அரசு மருத்துவ உதவி வேறு சட்டத்தின் கீழ் வருவது. மூன்று மாத வசிப்பைக் காட்டவேண்டும். ஆனால் வருமான வரம்பு இலவசத் துணைக் காப்பீட்டுக்கு உரியதே. புகலிடம் கோரி மூன்று மாதம் ஆனவர்கள் செக்யூவிலும் துணைக் காப்பீட்டிலும் சேரலாம். அது தனியாக எழுதவேண்டிய கதை.

இந்தக் குடும்பத்துக்கு இனி ஒரு தேதிச் சிக்கல் இருக்கிறது. உரிமை ஓராண்டுக்குத்தான். முடிவதற்கு நான்கு மாதம் முன்பிருந்து இரண்டு மாதம் முன்வரையில் புதுப்பிக்க விண்ணப்பிக்கவேண்டும். ஆயாவுடையது 2026 மார்ச் 31இல் முடிகிறது. ஆகவே டிசம்பர் தொடங்கி ஜனவரி முடிய. சரியாக அவர் புதுச்சேரியில் இருக்கும் காலம். காப்பீட்டு அலுவலகத்தின் அமேலி இணையதளத்தில் ஆயா பெயரில் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைப் பேத்தி பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். டிசம்பரில் விண்ணப்பித்தால் 2024 நவம்பர் முதல் 2025 அக்டோபர் வரையிலான வருமானம் வேண்டும்; ஓய்வூதியச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி வைக்கும் வேலையைப் பேரன் ஏற்றிருக்கிறார். கடை வாடகைக்கான வங்கித் தாளை ஆயா அங்கிருந்தே படம் எடுத்து அனுப்பவேண்டும். பங்காளிகள் இந்த ஆண்டு வாடகையை உயர்த்தப் போவதாகப் பேச்சு இருக்கிறது. ஆயாவின் பங்கு மாதம் 5,500 ரூபாய்க்கு மேல் போனால், 336 யூரோ இடைவெளி நிரம்பிவிடும்.